எதிர்ப்பு வேறு, வெறுப்பு வேறு!

2024-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் துறைமுகத் தொழிலாளர் ஓர் அறிவிப்புத் தந்தனர். இந்தியாவின் 11 பெருந்துறைமுகங்களில் 3,500-க்கு மேற்பட்ட தொழிலாளரைக் கொண்ட நீர்வழிப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம், பாலஸ்தீனப் போருக்கான ஆயுதச் சரக்கை ஏற்றமாட்டோம், இறக்கமாட்டோம் என்று சொல்லிற்று. இராயபுரத்திலே மூட்டை சுமந்து, எண்ணூரிலும் வள்ளூரிலும் நிலக்கரித் தூசியிலே நின்று வயிறு கழுவும் தோழர்களுக்கு அந்த அறிவிப்பின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

இஸ்ரேல் அரசைக் கண்டித்தால், "யூதரை வெறுக்கிறீர்கள்" என்று ஒரு கணை பாய்ந்து வருகிறது! யூதருக்குப் பாலஸ்தீனத்திலே ஒரு தேசிய நாடு என்பது சியோனிசம். அதை எதிர்ப்பது யூத வெறுப்பே என்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 2023 டிசம்பரில் தீர்மானமே போட்டது. ஆதரவு 311, எதிர்ப்பு 14.

அப்படியா? கேட்கிறோம்: மாண்டேகு யார்?

மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தம் என்று நம் இயக்க வரலாற்றிலே படிக்கிறோமே, அதே மாண்டேகு! 1917 டிசம்பரில் சென்னைக்கு வந்து, பார்ப்பனரல்லாதார் கோரிக்கையையும் கேட்ட இந்தியா மந்திரி. அந்தச் சீர்திருத்தத்தின்கீழ்தான் சென்னைச் சட்டசபையிலே பார்ப்பனரல்லாதாருக்கு 28 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அவர் யூதர். சியோனிசத்தின் கடும் எதிரியும் அவரே! பாலஸ்தீனத்தில் யூதருக்குத் தேசிய இல்லம் அமைக்கத் துணைநிற்போம் என்று 1917 நவம்பர் 2-ல் பால்ஃபர் பிரகடனம் வெளிவந்தது. அதற்கு முன்பே, ஆகஸ்டில், மாண்டேகு மந்திரிசபைக்கு எழுதினார்: யூதருக்குத் தனி நாடு என்றால், பிறந்த மண்ணிலேயே யூதர் அந்நியராவர், இக்கொள்கைதான் யூதருக்குத் தீங்கு என்று. அந்த யூதரும் யூத வெறுப்பாளரா?

நம் நாட்டையே பாருங்கள். 1971-ல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைய வழிவகுத்த தளபதிகளில் ஒருவர் ஜேக்கப், அவர் யூதர். நான்கே ஆண்டுகள் கழித்து, 1975-ல், சியோனிசம் ஒருவகை இனவாதம் என்ற ஐ.நா. தீர்மானத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது. 1991-ல் அதே தீர்மானத்தை ரத்துச் செய்யவும் வாக்களித்தது! 1975-ல் இந்தியா யூதரை வெறுத்து, 1991-ல் நேசிக்கத் தொடங்கிற்றா? இல்லை. மாறியது அரசுக் கொள்கை. கொச்சி யூதருக்கு இரண்டு ஆண்டுகளிலும் அதே நாடு, அதே அண்டை வீட்டார்.

சென்னைக்கும் யூதர் அயலார் அல்லர். 1688-ல் மாநகராட்சி பிறந்தபோது, ஆல்டர்மேன் பன்னிருவரில் மூவர் யூத வணிகர். பவழம் கொண்டுவந்து வைரம் வாங்கிச் சென்றவர்கள்.

மறுதரப்பின் வாதத்தையும் செவிமடுப்போம். "எல்லா இனத்துக்கும் நாடு உண்டு, யூதருக்கு மட்டும் கூடாதா?" என்கிறார்கள். அறுபது லட்சம் பேரைப் பறிகொடுத்த இனம் அடைக்கலம் தேடியது குற்றமல்ல. ஆனால் 1948-ல் சுமார் ஏழு லட்சம் பாலஸ்தீனியர் வீடிழந்தனரே, அவர்கள் எங்கே போவது? இக்கேள்வி நியாயத்தைக் கேட்பது, இனத்தை ஏசுவதல்ல. சாதி ஆதிக்கத்தை எதிர்த்தபோது நம்மையும் இன வெறுப்பாளர் என்றுதானே ஏசினர்!

ஆனால் தோழர்களே, நம் பக்கத்துக் குப்பையையும் கூட்ட வேண்டும். நடைபாதைக் கடையிலே ஹிட்லரின் நூல் தமிழிலே விற்கிறது. தேநீர்க் கடையிலே ஒருவன், "ஹிட்லர் செய்தது சரிதான்" என்கிறான். அவன் பாலஸ்தீனத்தின் நண்பன் அல்லன், கொலைகாரனின் அடிவருடி! 2008-ல் மும்பை நரிமன் இல்லத்திலே, யூத மத குருவும் அவர் மனைவியும் கொல்லப்பட்டார்களே, எந்த நிலத்தைப் பறித்தார்கள்? 2023 அக்டோபர் 7-ல் ஹமாஸ் கொன்ற சுமார் 1,200 பேரின் சாவுக்குக் கைதட்டுவது எதிர்ப்பும் அன்று, வீரமும் அன்று. காஸாவில் குண்டுக்கு இரையான குழந்தைக்காக அழும் கண், அந்தப் பிணங்களைக் கண்டும் கலங்க வேண்டும்.

உரைகல் எளிது. ஓர் அரசின் செயலை எடுத்துவைத்து, எந்த அரசு செய்தாலும் தவறு என்று சொல்ல முடிந்தால், அது எதிர்ப்பு. செயலைக் கேளாமல், பெயரைக் கேட்டதுமே கை ஓங்கினால், அது வெறுப்பு.

ஆயுதத்தை இறக்க மறுக்கும் கரம், யூதத் தொழிலாளியின் கரத்தைப் பற்றவும் தயங்கக் கூடாது. அப்படிப்பட்ட கரத்தை வெறுப்பாளன் கரம் என்று எவர் தூற்றினாலும், தலைநிமிர்ந்து பதில் சொல்வோம்: எங்கள் எதிர்ப்பு அநீதியோடு, எந்த இனத்தோடும் அல்ல!