காடு விட்டுப் போனால் சொல்லும் விட்டுப் போகும்

இடம்பெயர்ந்தவர் இழப்பது வீடும் வயலும் மாத்திரமல்ல. அவற்றோடு சேர்ந்த சொற்களையும்தான். எமது நாட்டின் வேடர்களைப் பார்த்தால் இது விளங்கும்.

அவர்கள் தம்மை 'வன்னிலா எத்தோ', அதாவது காட்டில் வாழ்வோர் என்கின்றனர். அவர்களது மொழிக்குச் சொந்த எழுத்து இல்லை. வேடர் பற்றி செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட நூலில் அச்சொற்கள் ஆங்கில எழுத்தில் பதிவாயின. யானைக்கு அவர்கள் 'பொட்டகந்த' என்பர். வேட்டையின்போது விலங்கின் வழக்கமான பெயரைத் தவிர்த்து வேறு பெயர் சொல்லும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது.

1983 இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனமாயிற்று. தம்பானைப் பகுதியின் வேடர் குடும்பங்கள் பல ஹெனானிகலவில் குடியேற்றப்பட்டன. வயல் கிடைத்தது, காடு கிடைக்கவில்லை. 1998 இல் காலமான தலைவர் திசாஹாமி, சில குடும்பங்களுடன் வெளியேற மறுத்துத் தம் இடத்திலேயே வாழ்ந்தார். வெளியேறியோரின் பிள்ளைகள் சிங்களத்தில் கற்றனர். வேட்டையே இல்லாத இடத்தில் வேட்டைச் சொல்லை யாரிடம் பேசுவது? மூதூர், வாகரைக் கரையோர வேடர்களின் பேச்சு எப்போதோ தமிழாகிவிட்டது.

வன்னியிலும் இத்தகைய பேச்சு உண்டு. சூடு மிதிக்கும் களத்தில் எமது முன்னோர் நெல்லை நெல் என்று சொல்லார், 'பொலி' என்பர். பெருகட்டும் என்ற வேண்டுதல் அச்சொல்லிலேயே இருந்தது. இன்று அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லைப் பிரித்துத் தருகிறது. களம் போயிற்று, களத்துப் பேச்சும் போகிறது. முகாமில் வளர்ந்த பிள்ளைக்கு அலைகரை, துருசு, கலிங்கு என்பவற்றை யார் காட்டிக் கொடுத்தார்கள்?

இந்தியாவின் மயூர்பஞ்சில் பிறந்த ரகுநாத் முர்மு, சாந்தாலி மொழிக்கென 1925 இல் 'ஒல் சிக்கி' எழுத்தை உருவாக்கினார். 2003 இல் சாந்தாலி அந்நாட்டு அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றது. எமக்கோ எழுத்து ஆயத்தமாகவே இருக்கிறது. எழுதுவதுதான் பாக்கி.

ஒரு கொப்பி போதும். அப்பு, அம்மம்மா சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும். குளத்தின் பெயர், வயற்துண்டின் பெயர், எல்லையில் நின்ற மரம், பக்கத்துக் காணிக்காரர், களத்துச் சொற்கள் யாவும் அதில் வரட்டும். காணி உறுதிகளிலும் காணியின் பெயரும் நான்கு எல்லைகளுமே எழுதப்படுகின்றன. அவற்றைச் சொல்லத் தெரிந்தவர்கள் எம்மோடு இருக்கும்போதே எழுதிவிடுவோம்.