பக்கத்தில்தானே, போய்வந்துவிடலாம்!

கொல்லிமலைக்குப் போகிறவர்கள் அரப்பளீஸ்வரர் கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு, கையை வீசிக்கொண்டு ஆகாய கங்கைக்கு இறங்குகிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். நிழலும் காற்றும் கூடவே வருவதால் இறங்கும்போது களைப்பே தெரியாது. மற்ற மலைகளில் முதலில் ஏறுகிறோம். முடியாவிட்டால் பாதியில் திரும்பிவிடலாம். இங்கே கீழே போனபிறகுதான் களைப்பு தெரியும், அதற்குப்பின் ஏறித்தான் ஆகவேண்டும். முழங்கால் வலியோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் முதல் நூறு படி இறங்கியதும் திரும்பி ஏறிப் பார்ப்பது நல்லது. ஊர் பக்கத்தில் இருப்பதாலேயே யாரும் இதை யோசிப்பதில்லை.

வெள்ளியங்கிரி மலைக்கும் இப்படித்தான் யோசிக்காமல் கிளம்புகிறார்கள். அடிவாரத்தில் வியர்க்கும், ஏழாவது மலையில் காற்று எலும்பைத் துளைக்கும். ராத்திரியில் ஏறுகிறவர்களுக்கு டார்ச், குளிருக்கு ஒரு சட்டை, கையில் மூங்கில் தடி மூன்றும் கட்டாயம். செல்போன் வெளிச்சத்தை நம்பி ஏறினால், உதவிக்கு அழைக்க வேண்டிய நேரத்தில் சார்ஜ் இருக்காது.

வனத்துறை அனுமதியைப் பலர் வெட்டி அலைச்சல் என்று நினைக்கிறார்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மலையேற்றத்துக்கான விதிகள் அதன்பிறகுதான் வந்தன. 2024இல் நாற்பது வழித்தடங்களுக்கு இணையப் பதிவு தொடங்கியது. பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் உள்ளே எத்தனை பேர் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியும். தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்பது அந்தக் காட்டிலேயே வளர்ந்த வழிகாட்டிக்குத் தெரியும்.

மலைக்காவது ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொள்கிறோம். ஆஸ்பத்திரிக்கு அதுவும் இல்லை. ஓபி சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, ஒருவழியாக டாக்டர் முன்னால் உட்காரும்போது, “என்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா?” என்று கேட்பார். அம்மா மஞ்சள் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டுவார். மருந்துக்கடையில் ஐந்து மாத்திரை மட்டும் கத்தரித்துக் கொடுத்த துண்டு அது. பெயரும் மில்லிகிராம் அளவும் வெட்டுப்பட்ட பக்கத்தோடு போய்விட்டன. “வெள்ளையா, சின்னதா இருக்கும் சார், காலையில ஒண்ணு.” வெள்ளையாய்ச் சின்னதாய் இருப்பவை எத்தனையோ! டாக்டருக்குக் கிடைக்கும் சில நிமிடங்கள் இந்தத் துப்பறிதலிலேயே கழிந்துவிடுகின்றன. மாத்திரையைத் துண்டாக வாங்கினால் பெயர் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் பில்லை அட்டையோடு சேர்த்துக் கட்டிவையுங்கள்.

சர்க்கரைக்கான ரத்தப் பரிசோதனைக்கும் முன்யோசனை வேண்டும். வெறும் வயிறு என்றால் எட்டு மணி நேரமாவது சாப்பிடாமல் இருக்கவேண்டும்; தண்ணீர் குடிக்கலாம், காபி கூடாது. சாப்பிட்டபின் எடுக்கும் ரத்தத்துக்கு முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கணக்கு. கேன்டீன் கூட்டத்தில் காத்திருந்தால் அந்தக் காலைப்பொழுதே போய்விடும். டப்பாவில் நான்கு இட்லி கொண்டுபோவது உத்தமம். சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் அன்று எப்போது எடுப்பது என்று முதல்நாளே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி பார்க்கும் சோதனைக்குப் பட்டினி தேவையே இல்லை. இது தெரியாமல் வயதானவர்கள் வாடிக் கிடப்பதைப் பார்க்கவே மனசு கேட்பதில்லை.

என்னைக் கேட்டால், மலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேண்டிய முதல் பொருள் ஒரு காகிதம். பெயர், வயது, ரத்த வகை, உள்ள நோய்கள், மாத்திரைப் பெயர்கள், ஒத்துக்கொள்ளாத மருந்து, வீட்டில் இருவரின் செல்போன் எண்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் அருவிப் பாறையில் வழுக்கித் தலையில் அடிபட்டால், அந்த ஒரு மாத்திரையின் பெயர் சிகிச்சையையே மாற்றும். அவரால் பேசமுடியாது, கூட வந்த நண்பர்களுக்கோ தெரியாது. சட்டைப்பையில் இருக்கும் காகிதம் பேசும். சர்க்கரை உள்ளவர்கள் அதே பையில் குளுக்கோஸ் பொட்டலமும் வைத்துக்கொள்ளட்டும். தலைசுற்றி வியர்த்துக் கை நடுங்கினால், நினைவு இருக்கும்போதே வாயில் போட்டுக்கொள்ளலாம்.

வீட்டில் இருப்பவரிடம் எந்த வழியாகப் போகிறோம், எத்தனை மணிக்குள் கூப்பிடுவோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். 108ஐ அழைத்தால் எந்த இடம் என்றுதான் முதலில் கேட்பார்கள். “மலையில இருக்கோம்” என்றால் யாராலும் வரமுடியாது. எத்தனையாவது மலை, எந்த மண்டபம், எந்தச் சுனை என்று ஏறும்போதே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். வண்டி அடிவாரம் வரைதான் வரும். அங்கிருந்து ஆட்கள் நடந்துதான் உங்களிடம் வரவேண்டும்.