கடல் தாண்டி – 9: வண்டூர் போகிற வழியில்

ஷாதிபூரில் சித்தப்பா வீட்டு மொட்டை மாடி. காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் மூன்று நாள் திட்டம் எழுதிக்கொண்டிருந்தோம். ‘ஷாதி’ என்றால் கல்யாணம். நாடு கடத்தப்பட்ட ஆண் கைதிகளுக்கும் பெண் கைதிகளுக்கும் மணம் முடித்துக் குடிவைத்த தீவு இது. அதனால் அந்தப் பேட்டைப் பெயரை வெறும் பெயராகக் கேட்க முடிவதில்லை. போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. சித்தப்பா வாயில் இன்னும் பிளேர்தான்.

ஆளுக்கொரு ஆசை. அம்மாவுக்குக் காலை நனைக்க அலையடிக்காத கடல் வேண்டும். மகனுக்கு ஸ்கூபா. மகளுக்குச் சிப்பி. மனைவிக்கு எங்கும் போகாத ஒரு நாள். எனக்கு யுத்தம் நடந்த இடங்கள். என் முறை வந்தபோது மட்டும் எல்லோரும் கடலைப் பார்த்தார்கள்.

“முதல்ல ஒண்ணு. இங்க அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டிடும்பா” என்றார் சித்தப்பா. கடிகாரம் ஓடுவது இந்திய நேரத்தில். சூரியனுக்கு அது தெரியாது. சென்னையிலிருந்து கிழக்கே கடலில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் ஊர். டிசம்பரில் ‘சாயங்காலம் போய்க்கொள்ளலாம்’ என்று ஒத்திவைத்தால் டார்ச் லைட்டில்தான் பார்க்க வேண்டும். ஆகவே எல்லாம் விடியலில் தொடங்கியது.

எழுத எழுத ஒன்று புரிந்தது. யுத்தத்துக்கென்று தனியாக ஒரு நாள் கேட்டு நான் சண்டை போட்டிருக்கவே வேண்டாம். கார்பின்ஸ் கோவ் கடற்கரையோரமே ஜப்பானியரின் கான்கிரீட் பங்கர்கள் இருக்கின்றன. ஐஸ்கிரீமோடு பிள்ளைகள் எட்டிப் பார்க்கும் அந்தத் துவாரங்கள் துப்பாக்கி முனைக்காக விட்டவை. 1942 மார்ச் 23 அன்று ஜப்பானியர் வந்து இறங்கியபோது பிரிட்டிஷ் படை ஏற்கெனவே கிளம்பிப் போயிருந்தது. எதிர்ப்பே இல்லை. சில நாளில் சுல்பிகர் அலி என்ற இளைஞன் சிப்பாய்களைப் பார்த்து ஏர்கன்னால் சுட்டான். யாருக்கும் காயமில்லை. பிடித்துச் சித்திரவதை செய்து, ஊர் பார்க்கச் சுட்டுக் கொன்றார்கள்.

ராஸ் தீவுக்கு அபர்தீன் ஜெட்டியிலிருந்து படகு. 2018 முதல் அது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. 1941 ஜூன் நிலநடுக்கத்தில் நொறுங்கிய வெள்ளைக்காரத் தலைநகரம், அதைக் கவ்விப் பிடித்த ஆல வேர்கள், நடுவே ஜப்பானியப் பங்கர்கள், கைக்கெட்டும் தூரத்தில் மான்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம். வாரத்தில் எந்த நாள் மூடியிருக்கும் என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

செல்லுலார் ஜெயிலை இரவு ஒலி–ஒளிக் காட்சியில் பார்ப்பது வழக்கம். காட்சி இந்தியிலும் ஆங்கிலத்திலும் நடக்கிறது, அம்மாவுக்கு இரண்டும் வராது. பகலில் போய் நானே சொல்வதாக ஏற்பாடு. ஏழு கிளைகளில் இன்று நிற்பவை மூன்று.

அம்மாவிடம் எதைச் சொல்வது என்பதுதான் சிக்கல். வெள்ளைக்காரன் பூட்டிய ஜெயில் என்பதோடு நிறுத்தினால் எளிது. ஆனால் அதே கொட்டடிகளில் 1942க்குப் பிறகும் ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் திவான் சிங். மருத்துவர், பஞ்சாபிக் கவிஞர், இந்திய சுதந்திர லீக்கின் உள்ளூர்த் தலைவர். ஒற்றர் என்று சொல்லி 1943 அக்டோபரில் பிடித்தார்கள். டிசம்பர் கடைசியில் நேதாஜி இங்கே வந்தபோது ஜப்பானியர் இந்த ஜெயிலையும் அவருக்குச் சுற்றிக் காட்டினார்கள். அந்த லீக்குக்கே தலைவர் நேதாஜி. திவான் சிங் அப்போது உள்ளே அடைபட்டிருந்தார். அந்தச் சேதியை நேதாஜி காதுக்கு எட்டாமல் பார்த்துக்கொண்டார்கள்.

ஜிம்கானா மைதானத்தில் நேதாஜி கொடியேற்றியது டிசம்பர் 30. திவான் சிங் இறந்தது ஜனவரி 14. ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேரை ஜப்பானியர் நிறுத்திச் சுட்டது 1944 ஜனவரி 30. கொடி ஏறி ஒரே மாதம். சுடப்பட்டவர்களில் பலர் அதே லீக்கைச் சேர்ந்தவர்கள்.

ஒற்றர்கள் இருந்ததென்னவோ நிஜம். 1943 ஜனவரியில் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து கரையேறிய பிரிட்டிஷ் குழு காட்டுக்குள் பதுங்கி வேவு பார்த்தது. தலைவர் டெனிஸ் மெக்கார்த்தி, முன்பு இங்கேயே போலீஸ் அதிகாரியாக இருந்தவர். கப்பல்கள் குறிதவறாமல் அடிபட்டபோது ஜப்பானியர் காட்டில் தேடிக் கிடைக்காததை ஊருக்குள் தேடினார்கள்.

நம்மவர் ஒருவரும் இந்தக் கதையில் உண்டு. தீவுகளை ஆசாத் ஹிந்த் அரசின் சார்பில் நிர்வகிக்க நேதாஜி அனுப்பிய ஆற்காடு துரைசாமி லோகநாதன். தமிழர், ராணுவ மருத்துவர். 1944 பிப்ரவரியில் வந்து சேர்ந்தார். போலீஸ் இலாகாவை ஜப்பானியர் கடைசிவரை அவர் கையில் கொடுக்கவில்லை. நாற்காலி இருந்தது, சாவி இல்லை. உடம்பு கெட்டு, அந்த வருஷமே திரும்பிப் போனார்.

மாடிச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நத்தை ஊர்ந்தது. மகள் அலறினாள். “அது ஜப்பான்காரன் சாப்பிடக் கொண்டாந்ததும்மா. அவன் போயிட்டான், இது போகல” என்றார் சித்தப்பா. ஆப்பிரிக்க நத்தை. தோட்டத்தில் ஒரு இலை மிச்சம் வைக்காது. ஜப்பானியர் விட்டுப்போன இன்னொரு கதையும் சாப்பாட்டில்தான் தொடங்குகிறது. 1945இல் கப்பல் வரத்து நின்று அரிசி தீர்ந்தபோது, ஹேவ்லாக்கில் பயிர் வைக்கலாம் என்று நூற்றுக்கணக்கானவர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கரை வருவதற்கு முன்பே கடலில் தள்ளினார்கள். பிழைத்தவர்கள் மிகச் சிலர். மகன் ஸ்கூபாவுக்குக் குதிக்கப்போவது அதே ஹேவ்லாக்கில். இன்றைய பெயர் ஸ்வராஜ் த்வீப். குதிப்பதற்கு முன் அவனிடம் இதைச் சொல்ல மாட்டேன். கடலை நேசித்துவிட்டு வரட்டும், அப்புறம் சொல்கிறேன்.

1945 அக்டோபர் 7 அன்று ஜப்பானியர் சரணடைந்ததும் ஜிம்கானா மைதானத்தில்தான். டாக்சி ஓட்டுநர்களின் சுற்றிக்காட்டும் பட்டியலில் கொடிமரம் உண்டு. ஹம்ஃப்ரிகஞ்ச் பெரும்பாலும் இருக்காது. அங்கே கடல் இல்லை, படகு இல்லை, ஒரு நினைவு மேடை மட்டும்தான். செல்ஃபி எடுக்கவும் தோன்றாது.

மூன்றாம் நாளுக்குச் சித்தப்பா ‘வண்டூர் பீச்’ என்று எழுதியிருந்தார். முதலைக்குப் பயந்து வலைபோட்ட இடத்தில் மட்டும் குளிக்கலாம், அம்மாவுக்கு ஏற்ற தண்ணீர்.

“ஹம்ஃப்ரிகஞ்ச் எப்படிப் போறது சித்தப்பா?”

“வண்டூர் ரோட்லதாம்ப்பா இருக்கு. நாப்பது வருஷமா அந்த வழியா போய்ட்டிருக்கேன். ஒரு தடவ எறங்கியிருப்பேன்.”

அதுவரை வாயே திறக்காமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். “அப்ப போகும்போதே எறங்கிருவோம். திரும்பி வரும்போதுன்னா ஈரத் துணியும் மணலுமா இருக்கும். செத்தவங்க இடத்துக்கு அப்படிப் போகக் கூடாது.”

சித்தப்பா ‘வண்டூர்’ என்ற எழுத்துக்கு மேலே, கிடைத்த சந்தில், நுணுக்கி எழுதினார்.

(தொடரும்)