பழைய கணினியை எடைக்குப் போடலாமா?

கடைக் கணினி நன்றாகத்தான் ஓடுகிறது. பில் வருகிறது, சரக்கிருப்பு தெரிகிறது, பற்று வரவும் ஏறுகிறது. ஆனாலும் "இதை மாற்றியாக வேண்டும்" என்கிறார் பழுது பார்ப்பவர். காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஓ, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது. பல பழைய கணினிகளில் அது கிடையாது.

புதுக் கணினிக்கு முதல் போடுமுன், வேறு ஒரு வழியும் இருப்பதை வணிகப் பெருமக்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறோம். அதுதான் லினக்ஸ்.

பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கியது இது. இன்று உலகெங்கும் பலர் கூடி வளர்க்கிறார்கள். இதன் நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் தரலாம். நம் சென்னையிலேயே சி-டாக் நிறுவனம் 'பாஸ்' என்ற லினக்ஸை உருவாக்கியது. புதியவர்களுக்கு 'லினக்ஸ் மின்ட்' எளிது, விலை இல்லை. 2 ஜி.பி. நினைவகமும் 20 ஜி.பி. இடமும் இருந்தால் ஓடும், 4 ஜி.பி. இருந்தால் தாராளம்.

முதல் வேலை, கணக்கைக் காப்பது. ஆண்டு ரிட்டர்னுக்குரிய கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டம். பில் மென்பொருளின் கோப்பு லினக்ஸில் திறக்காமல் போகலாம். ஆகவே பில்கள், கடன் பாக்கி, இருப்பு அனைத்தையும் எக்செல், பி.டி.எஃப். வடிவிலும் எடுத்து, இரண்டு தனித்தனி பென் டிரைவ்களில் வையுங்கள். இரண்டையும் வேறு கணினியில் திறந்து பாருங்கள்.

அடுத்து, மின்ட் கோப்பை அதன் அதிகாரபூர்வ தளத்திலிருந்து இறக்கி, 8 ஜி.பி. காலி பென் டிரைவில் 'ரூஃபஸ்' போன்ற மென்பொருளால் எழுத வேண்டும். அதைச் செருகிக் கணினியைத் தொடங்கினால், வன்தட்டைத் தொடாமலேயே லினக்ஸ் ஓடும். குத்தூசி போட்டுப் பார்க்காமல் அரிசி மூட்டை வாங்குவோமா? அதுபோல பில் பிரிண்டர், பார்கோடு கருவி, வைஃபை, தமிழ்த் தட்டச்சு ஆகியவற்றைச் சோதித்துப் பாருங்கள்.

திருப்தியானால் மட்டும் 'இன்ஸ்டால்' படத்தை அழுத்துங்கள். இங்கேதான் கவனம் வேண்டும். 'எரேஸ் டிஸ்க்' என்பதைத் தேர்ந்தால் வன்தட்டில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். விண்டோஸும் கூடவே இருக்கட்டும் என்பவர்கள் 'அலாங்சைடு' என்பதைத் தேர்க.

மின்ட்டுடன் 'லிப்ரே ஆபீஸ்' சேர்ந்தே வருகிறது. விலைப்பட்டியல், கடிதம், வரவு செலவுக் கணக்கு எல்லாம் அதில் எழுதலாம். ஜி.எஸ்.டி. தளத்தைப் பிரௌசரில் திறக்கலாம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. டேலி விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. அதை நம்பியே கணக்கு வைத்திருப்பவர்கள் அந்தக் கணினியில் கை வைக்க வேண்டாம். விண்டோஸ் 11-க்கு மாறுவதே நல்லது. கடிதத்துக்கும் விலைப்பட்டியலுக்கும் உள்ள இரண்டாவது கணினியில் லினக்ஸைத் தொடங்கலாம்.

காசு மிச்சமாவது நல்லதுதான். ஆனால் கணக்கு போனால் கடனும் போகும். அவசரப்படாமல், விற்பனை மந்தமான ஒரு நாளில் தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.