சூரை மீனுக்கு ரேஷன்!

ரேஷன் என்றால் அரிசி, சர்க்கரை, மண்ணெண்ணெய், இவைதாம் நம் நினைவுக்கு வரும். சமுத்திரத்தில் இஷ்டம்போல் நீந்தித் திரியும் மீனுக்கும் ரேஷன் உண்டு என்றால் நம்புவீர்களா? பல தேசத்துப் பிரதிநிதிகள் வருஷந்தோறும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, "உனக்கு இத்தனை டன், எனக்கு இத்தனை டன்" என்று கடலில் இருக்கும் மீனைப் பங்கு போடுகிறார்கள்!

நம் கரையோர மக்கள் சூரை என்று சொல்லும் இனத்துக்குப் பெரிய அண்ணன் இந்த மீன். தென் நீலத்துடுப்புச் சூரை என்று பெயர். ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். 200 கிலோ வரை எடை போடும். 40 வயது வரை உயிர் வாழும். ஜப்பானியர் இதை அடுப்பில் ஏற்றுவதில்லை. மெல்லிய வில்லைகளாக நறுக்கிப் பச்சையாகவே தின்கிறார்கள். அந்த ருசிதான் இந்த மீனுக்கு எமனாக வந்தது.

ஒரே பிரசவ அறை

தென் பாதி உலகம் முழுவதும் சுற்றினாலும், இம்மீன் முட்டையிட வரும் இடம் ஒன்றே ஒன்றுதான்: ஜாவாத் தீவுக்குத் தெற்கே, ஆஸ்திரேலியாவின் வடமேற்கே உள்ள வெதுவெதுப்பான கடல். குஞ்சுகள் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையோரமாக இறங்கித் தென்கரைக்கு வருகின்றன. தாயாகும் பருவத்தை எட்டப் பத்து வருஷம் போல் ஆகிறது. அதுவரை தப்பிப் பிழைக்க வேண்டுமே! ஆஸ்திரேலியர் தென்கரையில் குஞ்சுகளைப் பிடித்துத் தகர டப்பாவில் அடைத்தார்கள். ஜப்பானியர் நடுக்கடலில் மைல் கணக்கில் தூண்டில் கயிறு விட்டுப் பெரிய மீன்களைப் பிடித்தார்கள். 1960களின் தொடக்கத்தில் வருஷத்துக்கு 80,000 டன் வரை பிடிபட்டது. பிள்ளைக்கும் ஆபத்து, தாய்க்கும் ஆபத்து என்றால் குடும்பம் என்னாகும்?

1980களில் விழித்துக் கொண்டார்கள். 1989இல் ஜப்பானுக்கு 6,065 டன், ஆஸ்திரேலியாவுக்கு 5,265 டன், நியூஜிலாந்துக்கு 420 டன் என்று வரம்பு கட்டினார்கள். 1994இல் இதற்கென்றே ஒரு சர்வதேசக் கமிஷன் அமைந்தது. கொரியா, இந்தோனேஷியா, தென்னாப்பிரிக்கா எல்லாம் பிறகு வந்து சேர்ந்தன.

கூண்டில் கொழுத்த லாபம்

ஆஸ்திரேலிய சர்க்கார் 1984லேயே தன் பங்கைத் தனித்தனிச் சீட்டுகளாக்கி மீனவர்களுக்குக் கொடுத்துவிட்டது. சீட்டை விற்கலாம், வாங்கலாம். வரம்பு குறையக் குறையச் சிறியவர்கள் விற்றுவிட்டு விலகினார்கள். போர்ட் லிங்கன் என்ற துறைமுகத்து முதலாளிகள் வாங்கிக் குவித்தார்கள். ரேஷன் மீனைக் காப்பாற்றலாம். எல்லா மீனவரையும் காப்பாற்றும் என்று சொல்வதற்கில்லை.

அந்தப் போர்ட் லிங்கன்காரர்கள் 1990களின் தொடக்கத்தில் ஒரு யுக்தி செய்தார்கள். இளம் மீன்களை உயிரோடு வலையில் வளைத்து, மிதக்கும் கூண்டுக்குள் விட்டு, மாட்டு வண்டி வேகத்தில் கரைப்பக்கம் இழுத்து வந்தார்கள். அங்கே மாதக் கணக்கில் மத்தி மீனைத் தீனியாகப் போட்டார்கள். மீனின் எடை ஏறத்தாழ இரட்டிப்பாயிற்று. ரேஷன் கணக்கில் ஏறுவதோ பிடித்தபோது இருந்த எடை மட்டுமே! கொழுத்த எடைக்குக் கணக்கு இல்லை. காசு மட்டும் உண்டு.

கணக்கில் தகராறு

பங்காளிகள் என்றால் வழக்கு இல்லாமல் போகுமா? "மீன் பெருகிவிட்டது, ஆராய்ச்சிக்காகக் கூடுதலாகப் பிடித்துப் பார்க்கிறோம்" என்று 1998இல் ஜப்பான் கிளம்பியது. ஆஸ்திரேலியாவும் நியூஜிலாந்தும் சர்வதேசக் கடற்சட்ட நீதிமன்றத்தின் படி ஏறின. 1999 ஆகஸ்டில் அந்த நீதிமன்றம் தடை விதித்தது. மறு வருஷம் மத்தியஸ்தர்கள், "இதை விசாரிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை" என்று கை விரித்துவிட்டார்கள்.

அதைவிடப் பெரிய குண்டு 2006இல் வெடித்தது. ஜப்பானியச் சந்தைகளில் விற்ற மீனையும், பிடித்ததாக எழுதிய மீனையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை! தண்டனையாக ஜப்பானின் பங்கு 3,000 டன்னாகக் குறைந்தது. ஜப்பானும் சும்மா இருக்கவில்லை. "கூண்டிலிருந்து நாற்பது மீனை எடுத்து நிறுத்து, அந்தச் சராசரியை மொத்தத்துக்கும் பெருக்குகிறீர்களே, அது என்ன கணக்கு?" என்று ஆஸ்திரேலியாவைக் கேட்டது. நியாயமான கேள்விதான். பொய்க் கணக்கினால் வந்த நஷ்டம் வெறும் மீன் மட்டுமல்ல. பிடித்த கணக்கை வைத்துத்தான் கடலில் மீதி எவ்வளவு என்று விஞ்ஞானிகள் மதிப்பிடுகிறார்கள். அதுவே தப்பு என்றால் எதை நம்புவது?

தாயைத் தேடிய விஞ்ஞானிகள்

அதற்கு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் கண்ட வழி அபாரமானது. ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கூடத்தில் நூறு பிள்ளைகளையும், அவ்வூர்ச் சந்தையில் நூறு பெரியவர்களையும் எடுத்துக் கொள்ளுங்கள். பல பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ அந்தக் கூட்டத்திலேயே இருப்பார்கள். இதையே சென்னைப் பட்டணத்தில் செய்தால் ஒரு ஜோடி கிடைப்பதே அரிது. ஆக, ஜோடிகளின் எண்ணிக்கையைக் கொண்டே ஊரில் எத்தனை பெரியவர்கள் என்று ஊகித்துவிடலாம் அல்லவா?

இதைத்தான் மீனிடம் செய்தார்கள். பாலித் தீவில் இறங்கிய பெரிய மீன்கள், போர்ட் லிங்கனில் இறங்கிய இளம் மீன்கள் என ஏறத்தாழ 14,000 மீன்களின் சதைத் துணுக்கை எடுத்து மரபணுவைச் சோதித்தார்கள். 45 ஜோடிகள் அகப்பட்டன. யாருடைய கணக்குப் புத்தகத்தையும் நம்பாமலே தாய் மீன்களின் தொகை தெரிந்துவிட்டது. முன்பு பயந்த அளவுக்கு மோசமில்லை என்ற ஆறுதலும் கிடைத்தது.

ஆனாலும் நிலைமை அப்போது கவலைக்கிடம்தான். ஆதியில் இருந்ததில் சுமார் 5 சதவீதமே எஞ்சியிருந்தது. 2010, 2011க்கான வரம்பைச் சராசரி 9,449 டன்னாக வெட்டினார்கள். 2011இல் பாலியில் ஒரு விதி செய்தார்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, முன்கூட்டியே எல்லோரும் ஒப்புக்கொண்ட சூத்திரப்படி வரம்பு நிர்ணயமாக வேண்டும். ஒரே தடவையில் 3,000 டன்னுக்கு மேல் ஏற்றவோ இறக்கவோ கூடாது. கூட்டத்தில் உரத்துப் பேசுகிறவருக்கு அதிகம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பிடிக்கும் ஒவ்வொரு மீனுக்கும் எண் பொறித்த சீட்டு மாட்டுவதும் 2010 முதல் கட்டாயமாகிவிட்டது.

பலன் தெரிகிறது. 2023 மதிப்பீட்டில் 5 சதவீதம் 23 ஆகியிருக்கிறது. 2024 முதல் 2026 வரை வருஷத்துக்கு 20,647 டன் பிடிக்கலாம். அழிவின் விளிம்பில் இருந்த பட்டியலிலிருந்து 2021இல் ஒரு படி இறக்கியிருக்கிறார்கள். ஆபத்துப் பட்டியலில் பெயர் இன்னும் இருக்கிறது. 2035க்குள் 30 சதவீதம் என்பது கமிஷன் வைத்திருக்கும் குறி. இன்று முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு, அந்த வருஷத்தில்தான் தாயாகியிருக்கும்.