35 எடுத்தால் பாஸ்தானா?

மயிலாப்பூர், அடையாறு பகுதிப் பெற்றோர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்பது: “35 எடுத்தால் பாஸ்தானே?” மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பின் மற்றப் பாடங்களுக்குச் சரி. அறிவியலுக்கு அது பாதி பதில்தான். எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் குறைந்தது 20, செய்முறையில் 15 தனித்தனியே வேண்டும். செய்முறையில் முழு 25 வாங்கிய பிள்ளை எழுத்தில் 19 எடுத்தால் மொத்தம் 44. ஆனாலும் தேர்ச்சி இல்லை. எழுத்தில் 60 எடுத்து, செய்முறைக்குப் போகாமல் விட்டாலும் அதே கதிதான். எழுத்துத் தேர்வுக்கு முன்பே செய்முறை முடிந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பிளஸ் டூவில் ஒவ்வொரு பாடத்திலும் 10 மதிப்பெண் பள்ளியின் கையில். வருகைக்கு 2, உள்தேர்வுகளுக்கு 4, ஒப்படைவு அல்லது களப்பயணத்துக்கு 2, இணைச்செயல்பாடுகளுக்கு 2. வருகை 80 சதவீதத்தைத் தாண்டினால்தான் அந்த முழு 2. ஊரில் கல்யாணம், கடையில் ஆளில்லை என்று பிள்ளையை நிறுத்துவது நாம்தான். பிறகு ஆசிரியர் குறைத்துப் போட்டார் என்கிறோம்.

பத்தாம் வகுப்புப் பிள்ளையின் செய்முறைப் பதிவேட்டை இந்த வாரமே வாங்கிப் பாருங்கள். ஆசிரியர் கையெழுத்து இல்லாத பக்கம் இருந்தால் பள்ளியில் பேசுங்கள். மதிப்பெண் பட்டியல் புரியாதவர்கள் அஸர் தொழுகைக்குப் பின் நமது அலுவலகத்துக்கு வரலாம். உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறோம்.