காதால் பார்க்கும் விண்வெளி

திரை இல்லை, மேடை இல்லை. ஆனாலும் விண்கலம் பறக்கிறது! எப்படி என்கிறீர்களா? எல்லாம் ஒலி நாடகத்தின் வித்தை.

தேங்காய்ச் சிரட்டைகளைத் தட்டியே குதிரையை ஓடவைத்தது அந்நாள் வானொலி. 1938 அக்டோபர் 30-இல் அமெரிக்க வானொலியில் ஆர்சன் வெல்ஸ் நடத்திய நாடகம், செவ்வாய்க் கிரகவாசிகள் வந்திறங்கியதைச் செய்தி போலவே சொன்னது. கேட்டவர்களில் சிலர் உண்மையென்று நம்பி நடுங்கினர்.

அந்தக் கலை இன்று இணையத்தில் மறுவாழ்வு பெற்றிருக்கிறது. கேப்ரியல் உர்பினா உருவாக்கிய 'வுல்ஃப் 359' என்ற ஆங்கிலத் தொடர் 2014 முதல் 2017 வரை வெளிவந்தது. பூமிக்கு ஏறக்குறைய 8 ஒளியாண்டு தொலைவில், சிவப்பு நட்சத்திரம் ஒன்றைச் சுற்றும் நிலையம். அங்கே மூன்று மனிதர்கள். துணைக்கு ஹீரா என்ற கணினி. ஹீராவுக்கு உடல் இல்லை. ஆனால் கேட்பவருக்கு எல்லோருமே வெறும் குரல்தானே! ஆகவே அவளும் ஒரு பெண்ணாகவே நெஞ்சில் நிற்கிறாள்.

சிரிப்பும் கேலியுமாகத் தொடங்கும் கதை, போகப் போகக் கனக்கிறது. அனுப்பிவைத்த கம்பெனிக்குத் தங்கள் உயிர் ஒரு பொருட்டல்ல என்று அவர்கள் அறிகிறார்கள். எங்கோ இருக்கும் துரைமாரின் கையெழுத்தில் வாழ்வு மாறுவதைக் கண்ட தோட்டத்து மக்களுக்கு இந்த வேதனையை விளக்கவும் வேண்டுமா?

இதற்கு வேண்டியது நல்ல கதை, ஓர் ஒலிவாங்கி, குரல் கொடுக்கச் சில நண்பர்கள். பெரும் பணம் வேண்டாம். திருவிழா மேடையில் வசனம் பேசி வளர்ந்தவர்கள் நாம். நம் பிள்ளைகளும் தமிழில் முயன்று பார்க்கலாமே!